ஏழாம் எண் கண்ணாடி

மதியம் ஒரு மணிக்கு தொர்ரெமோராவில் யாரும் யார் வீட்டு அழைப்பு மணியையும் அடிக்கமாட்டார்கள். சாவுச் செய்தியாக இருந்தாலும் இரண்டரைக்கு மேல்தான் சொல்லியனுப்புவார்கள். சாப்பாடு அவ்வளவு பெரிய விஷயம் அந்த ஊரில்.

அதனால் அந்த அக்டோபர் வியாழக்கிழமை, வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், எட்டாம் நம்பர் வீட்டு மணி அடித்ததும் ஒரியெத்தா கரண்டியைத் தட்டில் போட்டுவிட்டுக் கதவையே முறைத்தாள். பயறு சூப் இன்னும் ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

மறுபடியும் அடித்தது.

கதவைத் திறந்தாள். குடை இல்லாமல் ஒருவன் நின்றிருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தான் நனைந்தாலும் பரவாயில்லை என்று ஒரு தோல் பையை மட்டும் கோட்டுக்குள் செருகி, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தான். மழைத்துளி தொங்கும் இமைகளுக்குக் கீழே சாம்பல் நிறக் கண்கள்... கோபமாகப் பார்க்கவே முடியாத கண்கள். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சாவி வேணும்..." என்றான்.

"மணி என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"ஒண்ணு அஞ்சு."

"தெரிஞ்சேதான் அடிச்சீங்களா!"

"கோட்டை வாசல்ல போர்டு இருந்துச்சே... சாவிக்கு எட்டாம் நம்பர் வீட்டு மணியை அடிக்கவும்னு."

"சாப்பிடற நேரத்துல அடிக்காதீங்கன்னு அதுல வேற எழுதணுமா? எந்த ஊர்ல பொறந்தீங்க நீங்க?"

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அவள் குடையையும் சாவிக்கொத்தையும் எடுக்க உள்ளே போய்விட்டாள்.

உண்மையைச் சொன்னால், அவளுக்குள் கோபம் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கு சந்தோஷம். பத்தொன்பது நாளாக அந்த மணியை ஒரு ஜீவன்கூட அடிக்கவில்லை. ஊரில் மொத்தம் அறுபத்திரண்டு பேர். அவள் தெருவில் பதினொரு வீடு, அதில் ஒன்பது பூட்டிக் கிடந்தன. கோபுரம், தேவாலயம், ஞானஸ்நான மண்டபம், கோட்டை வாசலின் மேலறை... நான்கின் சாவிகளும் அம்மாவிடமிருந்து அவளுக்கு வந்திருந்தன. அம்மா போய் மூன்று வருஷம். அதற்கு முன்னால் ஒரு கல்யாணப் பேச்சு நிச்சயம் வரை போனது. மாப்பிள்ளை தொரினோ நகரத்துக்கு வேலைக்குப் போனான், நீயும் வா என்றான். அம்மா படுக்கையில் இருந்தாள். அவன் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது ஒரியெத்தாவுக்கு முப்பத்துநான்கு வயது. பேச ஆள் வேண்டுமென்றால் வெளியூர்க்காரர்கள் யாராவது சுற்றிப்பார்க்க வந்தால்தான் உண்டு.

வந்தவனை விடுவாளா?

"இது கோட்டை வாசல். அந்தப் பள்ளம் தெரியுதா கல்லுல? கதவை ஏத்தி இறக்கின சங்கிலி தேய்ச்சது."

"ம்..."

"இந்த நீரூற்றுக்கு மூணு குழாய். மூணாவதுல தண்ணி வந்ததே இல்ல. கொத்தனார் பக்கத்து ஊர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வரேன்னு போனான். நானூறு வருஷமாச்சு, இன்னும் வரல."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு தடவை அதைச் சொல்லலாம் போலிருந்தது அவளுக்கு. தேவாலயத்தைத் திறந்து சுவரோவியத்தைக் காட்டினாள். புனித லியோனார்து கைதிகளின் விலங்கை உடைக்கும் காட்சி. எந்தக் காலத்துச் சிப்பாயோ கத்தியால் முகத்தைச் சுரண்டிவிட்டிருந்தான்.

"முகம் இல்லாட்டியும் எங்களுக்கு அவரை அடையாளம் தெரியும்" என்றாள். அதை எல்லோரிடமும் சொல்வாள். ஆனால் எல்லோரும் அப்போது செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவன் சுவரைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோபுரத்துக்கு நூற்றுப்பன்னிரண்டு படி. அவன் ஒவ்வொரு வளைவிலும் நின்று சுவரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தான். மூச்சு வாங்குகிறது, அதை மறைக்கிறான் என்று அவள் நினைத்தாள். உச்சிக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. பச்சை பூத்த பெரிய வெண்கல மணி ஈரக்காற்றில் தொங்கியது.

"இதுதான் வெற்றி மணி" என்று குரலை உயர்த்தினாள். இது அவளுக்குப் பிடித்த இடம். "அறுநூத்தி எழுபது வருஷத்துக்கு முன்னாடி கீழ இருக்கற ரிவாஸ்காக்காரனுங்க நம்ம கோதுமைக்குத் தீ வச்சானுங்க. நம்ம ஆளுங்க எண்பது பேர் ஆத்தைத் தாண்டிப் போய், அவனுங்களைத் துரத்தி அடிச்சு, அவனுங்க மணியை ஜெயிச்சு மாட்டு வண்டியில ஏத்திக் கொண்டுவந்தாங்க. இன்னிக்கும் நவம்பர் மாசம் முதல் ஞாயித்துக்கிழமை திருவிழாவுக்கு, ரிவாஸ்கா பக்கம் பாத்து எண்பது அடி அடிப்போம். அவனுங்களுக்குக் கேக்கணும்ல?"

"கேக்கும்..." என்றான் அவன் மெதுவாக. "நல்லாவே கேக்கும். சின்ன வயசுல, அன்னிக்கு எங்க வீட்ல ஜன்னலை எல்லாம் அடிச்சுச் சாத்துவாங்க. நான் மட்டும் என் ரூம் ஜன்னல்ல ஒரு இடுக்கு விட்டு வைப்பேன்."

ஒரியெத்தாவின் கை மணிக்கயிற்றிலேயே நின்றுவிட்டது. "எங்க வீடுன்னா...?"

அவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிவப்பாகத் தெரிந்த கூரைகளைக் காட்டினான். "ரிவாஸ்கா. மூணாவது தெரு. எங்க ஊர்ல இதுக்குப் பேரு திருட்டு மணிங்க. கோதுமையும் நாங்க எரிக்கல. அன்னிக்கு இடி விழுந்துச்சு."

"இடியா! நல்லாருக்கே கதை!"

"உங்க கதைதான் நல்லாருக்கு. எண்பது பேரா? எங்க ஏட்டுல பதினாறுன்னு இருக்கு. அதுவும் நாங்க எல்லாரும் கோயில்ல பூசையில இருந்தப்போ வந்தீங்க."

"யார் நீங்க? எதுக்கு வந்தீங்க?"

அவன் தோல் பையைத் திறந்தான். உள்ளே பஞ்சுக்கு நடுவே, விரல் அகலத்தில் ஒன்பது மெல்லிய கண்ணாடிப் பட்டைகள். "என் பேர் லிவியோ. மாகாண அலுவலகத்துல என்ஜினீயர். கோபுரத்து விரிசலைப் பாக்கச் சொன்னாங்க. உங்க மேயருக்கு லெட்டர் போட்டாங்களே... வரலையா?"

"அப்ப ஒரு மணி நேரமா ஏன் வாயைத் திறக்கல? நான் பாட்டுக்கு நீரூற்று, கோட்டை வாசல்னு கத்திட்டு வரேன்!"

"நீங்க எங்கேங்க விட்டீங்க?" என்றவன், கொஞ்சம் நிறுத்தி, கண்ணாடிகளைப் பார்த்தபடி சொன்னான். "அப்புறம்... நல்லாவும் இருந்துச்சு."

அவளுக்குக் காது சூடாகிவிட்டது. கோபத்தில்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம்வரை அவன் விரிசல்களின் குறுக்கே ஒவ்வொரு கண்ணாடியாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்தான். சுவர் ஒரு மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடைந்தால் கோபுரம் நகர்கிறது என்று அர்த்தம். ஒவ்வொன்றின் அருகிலும் பென்சிலால் எண்ணும் தேதியும் எழுதினான். ஏழாவது எண் படிக்கட்டின் சின்ன ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தது. அதைப் பதிக்கும்போது விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது ஒரியெத்தாதான். ரிவாஸ்காக்காரனுக்கு விளக்குப் பிடித்த முதல் தொர்ரெமோராப் பெண் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு மாதாமாதம் முதல் வியாழக்கிழமை அவன் வந்தான். மூன்று மணிக்கு. ஒருபோதும் ஒரு மணிக்கு இல்லை.

ஒன்பது கண்ணாடிகளைப் பார்க்கப் பத்து நிமிஷம் போதும். ஆனால் அவன் போகும்போது எப்படியோ ஐந்தரை ஆகிவிடும். ஊரின் ஒரே பாரை நடத்தும் பால்மீராவின் கடையில் காபி குடிப்பார்கள், சண்டை போடுவார்கள். எண்பதா பதினாறா என்ற வழக்கு முடியவே இல்லை. ஜனவரியில் பனி கொட்டி பஸ் வராத நாளில், பாலத்திலிருந்து நடந்தே மேலே ஏறி வந்தான். புருவத்தில் பனி ஒட்டியிருந்தது.

"இந்தப் பனியில கண்ணாடி எங்க ஓடிடப் போகுது?" என்றாள்.

"கடமைங்க" என்றான். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

பால்மீரா எல்லாவற்றையும் கவுன்டருக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் போனதும், "ஏண்டி, நல்ல பையனாத்தான் இருக்கான். ரிவாஸ்காக்காரன்ங்கறது ஒண்ணுதான் குறை" என்பாள். "எனக்கென்ன வந்துச்சு?" என்று ஒரியெத்தா கோப்பையை வேகமாகக் கழுவுவாள்.

வெளியூர்க்காரர்களிடம் சொல்லாத ஊர்க் கதைகளையெல்லாம் அவனிடம்தான் சொன்னாள். எந்த வீட்டு ஜன்னல் எந்த வருஷம் சாத்தப்பட்டது... யார் பெல்ஜியத்துக்குப் போனார்கள், யார் ஆர்ஜென்டினாவுக்குப் போனார்கள்... தன் தெருவில் ராத்திரி விளக்கு எரியும் வீடு இரண்டுதான் என்று... அவன் குறுக்கே பேசாமல் கேட்பான். அவன் தன்னைப் பற்றி அதிகம் சொன்னதில்லை. அம்மா அப்பா இல்லை, தனியாக இருக்கிறான் என்பது மட்டும் தெரியும்.

மாதத்தில் மீதி இருபத்தொன்பது நாளை அவள் எப்படித் தள்ளினாள் என்று கேட்காதீர்கள். தேவாலயத்தைப் பெருக்கினாள், ஒருத்தியாகச் சமைத்தாள், ஒருத்தியாகச் சாப்பிட்டாள். வியாழக்கிழமைக்கு எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினாள். அதுதான் உண்மை.

ஒரு வருஷம் ஓடியது. மறுபடி அக்டோபர். அன்றும் வழக்கம்போல நூற்றுப்பன்னிரண்டு படியும் ஏறி இறங்கி வந்தான். கோபுர வாசலில் நோட்டுப் புத்தகத்தை மூடினான்.

"நல்ல சேதி" என்றான். குரலில் நல்ல சேதிக்கான ஒன்றும் இல்லை. "ஒரு வருஷமா ஒரு கண்ணாடிகூட உடையல. கோபுரம் அசையாம நிக்குது. இனிமே அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பாத்தாப் போதும்னு எழுதிடுவேன்."

"அஞ்சு... வருஷமா?"

"அதுவும் வேற யாராவது வருவாங்க. எனக்கு ஜனவரியிலேர்ந்து கடற்கரைப் பக்கம் ஒரு பாலம் குடுத்திருக்காங்க."

அவன் நின்றான். எதையோ எதிர்பார்ப்பதுபோல நின்றான். சாம்பல் கண்கள் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. போகாதீங்க என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் ஒரியெத்தா தொர்ரெமோராக்காரி ஆயிற்றே... கெஞ்சி வழக்கமில்லாத ஊர். ஒருத்தனிடம் ஒரு தடவை கொஞ்ச நாள் பொறு என்று கேட்டுத் தோற்றவள் வேறு.

"நல்லதாப் போச்சு" என்றாள். "மாசாமாசம் கதவு திறந்து விடற வேலை மிச்சம்."

அவன் முகம் ஒரு கணம் வாடியது. "ஆமா... உங்களுக்கும் தொந்தரவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனான். வளைவில் திரும்பிப் பார்த்தானா என்று அவளுக்குத் தெரியாது. அவள்தான் முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே பூட்டிய பூட்டை மறுபடி மறுபடி பூட்டிக்கொண்டிருந்தாளே.

இரண்டு வாரம் தாங்கினாள். மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், திருவிழாவுக்குக் கோபுரத்தைக் கூட்டிச் சுத்தம் செய்யப் போனவள் ஏழாம் எண் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். அவன் கையெழுத்தில் தேதி. மழை, விளக்கு, விளக்கைப் பிடித்திருந்த தன் கை எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

இது உடைந்தால் அவன் வருவான்.

யோசித்துச் செய்ததல்ல. யோசிக்கிற புத்தி இருந்தால் செய்திருப்பாளா? கையில் கோபுரத்தின் பெரிய இரும்புச் சாவி இருந்தது. ஒரே ஒரு தட்டு. 'டிக்' என்று சின்னச் சத்தம்தான் கேட்டது. அவளுக்கு ஊரே இடிந்து விழுந்ததுபோல இருந்தது.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். மத்தியானமே அவன் வந்துவிட்டான். வணக்கம்கூடச் சொல்லாமல் இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினான். அவள் கீழே நின்று காத்திருந்தாள். இறங்கி வந்தபோது அவன் முகத்தில் பதற்றம் போய் வேறு ஏதோ இருந்தது. அது என்னவென்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"உடைஞ்சிருக்கு" என்றான்.

"ஆமா..."

"கண்ணாடி உடைஞ்சா விதி ஒண்ணுதான் ஒரியெத்தா. கோபுரத்தை மூடணும். பரிசோதனை முடியற வரைக்கும் மணி அடிக்கக்கூடாது."

திருவிழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. பாவி மனசு அவன் வருவதை மட்டும்தான் யோசித்தது, மணியை மறந்தேபோனது. போர்க்காலத்தில்கூட அந்த எண்பது அடி தவறியதில்லை.

அவன் அவளையே பார்த்தான். "எங்கிட்ட வேற ஏதாவது சொல்லணுமா?"

சொல்லியிருக்கலாம். அப்போதே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? உன்னைப் பார்க்கத்தான் உடைத்தேன் என்றா?

"இல்ல" என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு, கோபுர வாசலில் சிவப்பு வெள்ளைப் பட்டையைக் கட்டினான்.

ஊர் சும்மா இருக்குமா? ரிவாஸ்காக்காரன் வந்தான், வெற்றி மணியின் வாயைக் கட்டினான்! பால்மீராவின் பாரில் அன்று சாயங்காலமே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அறுநூற்று எழுபது வருஷமாக வயிற்றெரிச்சல், இப்போது பழி தீர்த்துவிட்டான். கடைசியாகக் கோபுரத்தில் ஏறியது அவன்தானே, அவனே தட்டி உடைத்துவிட்டுப் போயிருப்பான் என்று ஒருவர் ஆரம்பிக்க, கண்ணால் பார்த்ததுபோல மற்றவர்கள் முடித்தார்கள். மேயர் எவாரிஸ்தோ, முன்பு கசாப்புக் கடை வைத்திருந்தவர், மேஜையை ஓங்கிக் குத்தினார். அவன் வேலையைப் பறிக்கும்படி அலுவலகத்துக்கு மனு எழுதி, ஊர் முழுக்கக் கையெழுத்துப் போடுவது என்று முடிவாயிற்று. திருவிழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, நகர மண்டபத்தில் அவனை நேரில் வைத்துக் கேட்டுவிட்டு மனுவை அனுப்புவதாக ஏற்பாடு.

அந்த ஒரு வாரம் ஒரியெத்தா சரியாகச் சாப்பிடவில்லை. தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம், "நீயாவது கவனிச்சிருக்கக் கூடாதா? உனக்குத் தெரியாம எப்படிம்மா உடைச்சான்?" என்று கேட்டார்கள். அத்தனை பேர் அவளிடம் வந்து பேசியது வருஷக்கணக்கில் அதுதான் முதல் தடவை. இருந்தும் அம்மா செத்த வாரத்தில்கூட இவ்வளவு தனியாக அவள் உணர்ந்ததில்லை.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. வரக்கூடிய நாற்பது பேரும் வந்திருந்தார்கள். பழைய குடும்பங்களின் சின்னங்கள் செதுக்கிய கல் சுவருக்குக் கீழே மேயர். எதிரே தனி நாற்காலியில் லிவியோ. அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஒரியெத்தா கடைசி வரிசையில் சாவிக்கொத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லுப்பா தம்பி" என்றார் மேயர். "ஏழாம் நம்பர் எப்படி உடைஞ்சுது?"

"உடைஞ்சிருந்துச்சு, பாத்தேன். பாத்ததை எழுதினேன்" என்றான் லிவியோ.

"அதைத்தான் கேக்கறேன். தானா உடைஞ்சுதா, யாராவது உடைச்சாங்களா?"

லிவியோ மடியிலிருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தான்.

"பாத்தீங்களா, வாயைத் திறக்க மாட்டேங்கறான்!" கூட்டம் சலசலத்தது. "நீ உடைக்கலன்னா உடைக்கலன்னு சொல்லிடு!"

"நீங்க எழுதறதை எழுதுங்க சார்" என்றான் அமைதியாக. "எனக்கு ஆட்சேபனை இல்ல."

மேயர் கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை உருவினார். "இதைக் கேளுங்க மக்களே. போன வருஷம் ஆபீஸ்லேர்ந்து வந்த லெட்டர். என் டிராயர்ல... சரி, அது எங்கயோ இருந்துச்சு, விடுங்க. நேத்துதான் பிரிச்சேன். என்ன போட்டிருக்கான் தெரியுமா? மூணு மாசத்துக்கு ஒரு முறை வந்து பாத்தாப் போதும்! மூணு மாசம்! ஆனா இந்த ஆளு?" விரலை அவன் பக்கம் நீட்டினார். "மாசம் தவறாம வந்திருக்கான். பனியில வந்திருக்கான், மழையில வந்திருக்கான். பன்னண்டு தடவை! நாலு தடவை வர வேண்டியவன் பன்னண்டு தடவை எதுக்கு வந்தான்? யார் அனுப்பினா? நம்ம கோபுரத்துல இவனுக்கு என்ன வேலை?"

லிவியோவின் முகம் கழுத்திலிருந்து காதுவரை சிவந்துபோயிற்று. குனிந்துகொண்டான்.

"திருட்டு முழி முழிக்கறான் பாருங்க!" என்றது ஒரு குரல்.

ஒரியெத்தா அப்படியே உட்கார்ந்திருந்தாள். நாலு தடவை... பன்னண்டு தடவை. பால்மீரா மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தாள். அந்த மண்டபத்தில் அந்தக் கணக்கு புரிந்தது இரண்டு பெண்களுக்கு மட்டும்தான். எட்டு வியாழக்கிழமை, அவன் யாரும் அனுப்பாமல் வந்திருக்கிறான். எட்டு தடவை மலையேறி, எண்பதா பதினாறா என்று சண்டை போட்டுவிட்டு, இருட்டுமுன் இறங்கிப் போயிருக்கிறான். கடமையாம்... கடமை!

அவள் எழுந்தது அவளுக்கே தெரியாது. சாவிக்கொத்து மடியிலிருந்து விழுந்து, சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள்.

"அவர் உடைக்கல" என்றாள். "நான்தான் உடைச்சேன்."

மேயர் கையிலிருந்த கடிதத்தைக் கீழே வைத்தார்.

"என்னம்மா சொல்றே?" என்றார் மேயர்.

"கோபுரத்துச் சாவியால தட்டி உடைச்சேன். கோபுரத்துக்கு ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கு."

"பைத்தியமா உனக்கு? எதுக்கு?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? மானம் போகிறது என்றால் மொத்தமாகவே போகட்டும். "இவர் இனிமே வரமாட்டேன்னு சொன்னார். கண்ணாடி உடைஞ்சா வருவார்னு நினைச்சேன். அதான் உடைச்சேன். திருவிழா எனக்கு ஞாபகம் வரல, மணியும் ஞாபகம் வரல. என்னை மன்னிச்சிடுங்க எல்லாரும். எனக்கு... எனக்கு இவரைப் பாக்கணும்போல இருந்துச்சு."

யாரோ ஒரு கிழவர், "என்ன சொல்லுது பொண்ணு? யாரைப் பாக்கணுமாம்?" என்று சத்தமாகக் கேட்டார். "அட, ரிவாஸ்காக்காரனைய்யா!" என்று பக்கத்தில் இருந்தவர் அவர் காதில் கத்தினார். பால்மீரா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பனியில நடந்து வந்தப்பவே எனக்குத் தெரியும்" என்றாள் பொதுவாக.

மேயருக்குக் காதலைவிட மணி முக்கியம். லிவியோ பக்கம் திரும்பினார். "அப்ப... கோபுரம்?"

"உங்களையும் என்னையும்விடக் கெட்டியா நிக்குது சார்."

"நாளைக்கு மணி?"

"தாராளமா அடிக்கலாம். ஒத்திகை பாக்கணும்னா இப்பவே பாத்துக்கோங்க."

அவ்வளவுதான். நாற்காலிகள் கடகடவென்று நகர்ந்தன. மனுத் தாளை மேயர் நான்காகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒரியெத்தாவைத் தாண்டிப் போகும்போது, "உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன்" என்று விரலை ஆட்டினார். அதில் பாதிகூடக் கோபம் இல்லை. நாற்பது பேரும் படியிறங்கிச் சதுக்கத்துக்குப் போய்விட்டார்கள். மண்டபத்தில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

ஒரியெத்தாவால் தலை நிமிர முடியவில்லை. "உங்க பேரைக் கெடுத்துட்டேன்..."

"எனக்குத் தெரியும்" என்றான் லிவியோ.

"எது?"

"நீங்கதான்னு. சுவர் நகர்ந்து உடைஞ்சா கண்ணாடி நடுவுல ஒரே கோடா உடையும். இது ஒரு புள்ளியிலேர்ந்து சிதறியிருந்துச்சு. யாரோ தட்டியிருக்காங்கன்னு பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு. சாவி உங்ககிட்ட மட்டும்தானே இருக்கு."

"பின்ன ஏன் சொல்லல? ஊரே உங்களைக் கிழிச்சுதே!"

"சொன்னா உங்களை இல்ல கிழிப்பாங்க? நீங்க இந்த ஊர்ல இருக்கணும். நான் ரிவாஸ்காக்காரன், எப்படியும் திட்டத்தான் போறீங்க." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "ஆனா ஏன் உடைச்சீங்கன்னு மட்டும் தெரியல. நான் வந்ததே பிடிக்காம, கோவத்துல உடைச்சீங்களோன்னு ஒரு வாரமாத் தூங்கல."

"கோவமா! மடையனா இருக்கீங்களே... ஒரு வருஷமா எதிர்ல உக்காந்து காபி குடிக்கறேன், புரியலையா உங்களுக்கு?"

"கதவு திறக்கற வேலை மிச்சம்னு சொன்னீங்க."

"சொன்னா அப்படியே போயிடறதா?"

கீழே சதுக்கத்திலிருந்து மேயரின் குரல் கேட்டது. "ஒரியெத்தா! சாவி!"

பூட்டிய கோபுரத்துக்கு முன்னால் ஊரே நின்றுகொண்டிருந்தது. சாவிக்கொத்து இவள் காலடியில் கிடந்தது. அம்மா படுத்த நாளிலிருந்து அந்தச் சொல்லுக்கு அவள் ஓடாத நாள் இல்லை. சூப்பை விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள், தூக்கத்தை விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். இப்போதும் பழக்கத்தில் குனிந்து கொத்தை எடுத்தாள். ஜன்னலுக்குப் போய்க் கீழே எட்டிப்பார்த்தாள்.

"கொஞ்ச நேரம் நில்லுங்க!" என்று கத்தினாள். "எனக்கு இங்க வேலை இருக்கு!"

ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். கண்ணை எடுக்காமல் அவனைப் பார்த்தாள்.

"நான் நாப்பது பேர் முன்னாடி சொல்லிட்டேன்" என்றாள். "நீங்க என் ஒருத்திகிட்ட சொன்னாப் போதும்."

லிவியோ நோட்டுப் புத்தகத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். ஒரு வருஷமாக விரிசலைப் பற்றி அவ்வளவு சரளமாகப் பேசியவனுக்கு நான்கு வார்த்தை கிடைக்கவில்லை.

"என் வீட்ல பேச ஆளே கிடையாது ஒரியெத்தா. ஞாயித்துக்கிழமை வந்தா திங்கக்கிழமை எப்ப விடியும்னு பாத்துக்கிட்டு இருப்பேன். அன்னிக்கு மழையில நீங்க திட்டிக்கிட்டே கதவைத் திறந்தீங்க பாருங்க... என்னை ஒருத்தர் திட்டி எவ்வளவு நாளாச்சுன்னு நினைச்சேன். அப்புறம் மூணு மாசம் காத்திருக்க என்னால முடியல."

"ம்..."

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இல்ல, அது பத்தாது... உங்களைக் காதலிக்கிறேன். முதல் வியாழக்கிழமையிலேர்ந்து."

"ஒரியெத்தா!" என்று சதுக்கம் மறுபடியும் கத்தியது.

"கூப்பிடறாங்க" என்றான் அவன்.

"கூப்பிடட்டும்" என்றாள் ஒரியெத்தா. "நீங்க இன்னொரு தடவை சொல்லுங்க."